நடு விளக்கு

ஆகஸ்ட் 28

வாலு,

பெற்றவளுக்கே தெரியாத ஒன்றை மகள் எப்படிச் சொல்ல முடியும்? போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். "நீ இவ்வளவு படிச்சிருக்கியே, அது பையனா பொண்ணான்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக இந்த ஆஸ்பத்திரி லேபில் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பிறக்காத குழந்தைகளைப் பற்றித் தினமும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கிறேன். நம் வீட்டில், நம் இருவருக்கும் நடுவில் பிறந்து இறந்த குழந்தையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று வாயெடுத்தேன். "அம்மா என்ன உன் லேப் எலியா?" என்று கேட்டு நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. எடுத்தாலும் நாம் கத்தத்தான் செய்வோம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் கடிதம். வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உன் டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புகிறேன்.

எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது நினைவிருக்கிறது. அத்தை எனக்குத் தலைவாரிவிட்டதும், பின்னலை இழுத்துக் கட்டியதில் கண்கள் வலித்ததும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஏழாம் மாதம். அம்மாவுக்கு நினைவு திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவும் அத்தையும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அம்மா கேட்டதற்கு அப்பா, "விடு, அதைப் பத்திக் கேக்காத" என்றார். அவளும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் இரண்டு பேருமே இல்லை. அந்த ஆஸ்பத்திரி இருந்த இடம் கார் நிறுத்தும் மைதானமாகிவிட்டது; உன் மாணவர்கள் ரிவர்ஸ் பழகுவது அங்கேதான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நான் எதையும் நம்பாதவள் என்று நீ சொல்வாய். ஆனால் பண்டிகை மாலையில் அம்மா வாசற்படியில் வைக்கும் மூன்று பித்தளை விளக்குகளை நான் கவனிக்காமல் இருந்ததில்லை. இடது பக்கம் உள்ளதை "ஜட்ஜு" என்று என்னைக் கூப்பிட்டு ஏற்றுவாள். வலது பக்கம் "வாலு". நடுவில் இருப்பதற்கு எண்ணெய் உண்டு, திரி உண்டு, நெருப்பு மட்டும் கிடையாது. பெயர் சொல்லாமல் ஏற்றக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். என்ன பெயர் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நம் இருவருடைய விளக்கின் மூக்கும் கரி பிடித்திருக்கும். நடு விளக்கின் மூக்கு இன்றுவரை கடையில் வாங்கியது போல இருக்கிறது.

நாற்பத்தாறு வருடம் கேட்காதவள் இன்று கேட்கிறாள் என்றால் காரணம் உன் மகள்தான். இந்த நாட்டில் ஸ்கேனிலேயே சொல்லிவிடுகிறார்களே, அவளுக்குப் பெண் குழந்தை என்று சொன்னதும் அம்மா கேட்டாளாமே, "உள்ள இருக்கறப்பவே தெரிஞ்சிடுதா?" என்று. "இந்த வருஷமாவது நடு விளக்கை ஏத்திடணும்" என்று போனில் சொன்னதும் உன் காதில் விழுந்திருக்கும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 4

ஜட்ஜம்மா அவர்களுக்கு,

திட்டலாம் என்று நீயே அனுமதி கொடுத்துவிட்டதால் ஆரம்பிக்கிறேன்.

மாணவர் ஒருவர் சாலைத் தேர்வுக்குப் போயிருக்கிறார். நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் கோபம் இல்லை, ஸ்டியரிங்தான். கோபமும் இருக்கிறது.

நீ வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறாய். பெட்டியை வைக்கிறாய், ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துகளின் தேதியைப் பார்க்கிறாய், போகிறாய். தினமும் அம்மாவோடு இருப்பவள் நான். அவள் ஒன்று கேட்டால் அதற்குப் பதில் வேண்டும் என்று கேட்கிறாளா, பேச்சுத் துணைக்குக் கேட்கிறாளா என்று எனக்குத்தான் தெரியும். "இந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எப்பத்தான் திருந்துவான்?" என்றுகூட தினம் கேட்கிறாள். அதற்கும் டெஸ்ட் வைத்திருக்கிறாயா?

என் பொண்ணு ஆறு மாதம். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஏழாம் மாதம் எப்போது தாண்டும் என்று காத்திருக்கிறோம். இந்த நேரத்தில் போன குழந்தையைத் தோண்டி எடுக்க வேண்டுமா? நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ படித்தவள். நான் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அம்மா.

தேர்வில் பாஸ் ஆகிவிட்டார் போலிருக்கிறது, கையாட்டிக்கொண்டு வருகிறார். முன்னால் பார்க்காமல் வருகிறார், கம்பத்தில் முட்டப்போகிறார்.

வாலு


செப்டம்பர் 12

வாலு,

சிரிக்கவில்லை. ஏழாம் மாதத்தை நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதையும் தோண்ட வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஒரு தடவை பொறுமையாகப் படி.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் செல்களில் சில தாயின் ரத்தத்துக்குள் போய்விடும். எல்லாத் தாய்க்கும் நடப்பதுதான். பிரசவம் ஆனதும் அவை அழிந்துவிடும் என்றுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி அழிவதில்லை என்று பிறகு தெரிந்தது. சில பெண்களின் உடம்பில் பல பத்து வருடங்களுக்குப் பிறகும் அவை இருந்திருக்கின்றன. ரத்தத்தில், தோலில், கல்லீரலில்.

என் செல்லும் உன் செல்லும்கூட அம்மாவிடம் இருக்கலாம். ஆனால் நாம் பெண்கள், அவளும் பெண்; என் முறையில் தேடினால் எது யாருடையது என்று தெரியாது. பையன் என்றால் அந்தச் செல்லில் ஒய் குரோமோசோம் இருக்கும். அம்மாவின் சொந்தச் செல் எதிலும் அது இருக்க வழியில்லை. அதனால் அது கண்ணில் பட்டால், பையன். படவில்லை என்றால் பெண் என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கையில் பாதிப் பதிலோடுதான் வருகிறேன், அதை மறைக்கவில்லை.

ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். அம்மாவுக்கு அந்தக் காலத்தில் யாராவது ரத்தம் கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டுச் சொல். ஆண் யாராவது கொடுத்திருந்தால் என் முடிவை நானே நம்ப மாட்டேன்.

முடிவு அம்மாவுடையது. என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தேன். நாலாம் நாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடிக்கும்வரை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று என்னால் சொல்ல முடியாது.

"அப்படின்னா அது என் உள்ளயே இருக்குன்னு சொல்றாளா?"

"இருக்கலாம்னு சொல்றாம்மா. அவ எதையும் 'லாம்' போடாம சொல்ல மாட்டா."

"ரத்தம்தானே, எடுத்துக்கட்டும். கொசு கேக்காமயே எடுக்குது. இவ கேட்டுட்டு எடுக்கறா."

நான் சொன்னேன், வேண்டாம்மா, யோசி என்று. "பெரியவ கேட்டுட்டா, குடுத்துடுவோம்" என்றாள். ரொம்ப யோசித்துவிட்டுத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. என்ன யோசித்தாள் என்றுதான் தெரியவில்லை.

ரத்தம் கொடுத்தது அத்தைதான். அத்தைக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை, அதனால் உன் கணக்குக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன். அம்மா அதற்கும் ஒன்று சொன்னாள்: "அதுக்கு முன்னாடி எனக்குக் கோவமே வராது. எல்லாம் அவ ரத்தம்."

இன்று காலை கிளினிக்கில் எடுத்து, ஐஸ் போட்டு, கூரியரில் அனுப்பியாகிவிட்டது. ஒரே குத்தில் எடுத்தார் அந்தத் தம்பி, அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. உனக்குத் திருப்திதானே?

வாலு


செப்டம்பர் 27

வாலு,

கோபப்படாதே. அந்த ரத்தத்தைப் பயன்படுத்த முடியாது.

"அந்தத் தம்பி" என்று எழுதியிருக்கிறாய். கிளினிக்குக்கு போன் செய்து கேட்டேன். ஊசி போட்டதும் குழாயை மூடியதும் ஓர் ஆண். நான் தேடுவது பத்து லட்சத்தில் ஒன்றாக இருக்கும் செல்லை. எடுத்தவரின் கையிலிருந்தோ தும்மலிலிருந்தோ ஒரு துகள் விழுந்தால் போதும், அவரே நம் தம்பி ஆகிவிடுவார். இந்த வேலைக்கு முதல் ஊசியிலிருந்து கடைசி ஸ்லைடுவரை பெண்கள் மட்டும்தான் தொட வேண்டும். இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியவள் நான்.

என் லேபில் இருக்கும் பையன்களை அந்த அறைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதில் ஒருவன் கதவுக்கு வெளியே நின்று, "மேடம், நான் இங்கேருந்து தும்மினா உங்க அம்மாவுக்கு நான் மகனா?" என்று கேட்கிறான்.

இன்னொரு குழாய் வேண்டும். தயவுசெய்து.

அக்கா


அக்டோபர் 3

பெண்கள் மட்டும் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

இதைக் காலையிலேயே எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்கிறேன், பெட்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று.

இரண்டாவது தடவை கையை நீட்டச் சொன்னதற்கு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "முதல் தடவை எடுத்தது என்ன, காரம் கம்மியா இருந்துதாமா?"

கூரியர்காரர் ஆண். லாரி டிரைவர் ஆண். உன்னை நம்ப முடியாது, வழியில் மேய்ந்த காளை மாடும் ஆண் என்பாய். அதனால் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். இன்று எடுத்த நர்ஸ் பெண். மூடியதும் பெண். பெட்டியில் வைத்ததும் பெண், ஓட்டுவதும் பெண். மேலே வர மாட்டேன். கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அப்புறம் அவ்வளவு தூரம் யார் ஓட்டுவது?

வாலு


அக்டோபர் 14

வாலு,

வாட்ச்மேன் உன் பெட்டியை மேலே கொண்டுவந்து கொடுத்தார். வெளிப்பெட்டியை மட்டும்தான் தொட்டார், கவலைப்படாதே. நான் கீழே ஓடி வந்தபோது உன் காரின் பின்பக்கத்து "கற்பவர்" பலகைதான் தெரிந்தது. ஓட்டுவது கற்றுக்கொடுப்பவள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுத வராது.

குழாயின் மேல் பெயர் போடவில்லை. அதோடு என் ரத்தத்தையும், குழந்தையே சுமக்காத இன்னொரு பெண்ணின் ரத்தத்தையும் வைத்தேன். எது யாருடையது என்று எனக்கே தெரியாதபடி என்னோடு வேலை செய்பவள் எண் போட்டுக் கொடுத்தாள். செல்களைக் கண்ணாடியில் பரப்பிச் சாயம் போட்டோம். எக்ஸ் குரோமோசோம் பச்சையாக ஒளிரும், ஒய் சிவப்பாக. பெண் செல் என்றால் இரண்டு பச்சைப் புள்ளி. அந்த மைக்ரோஸ்கோப் இருக்கும் அறையில் விளக்கு போட முடியாது. கறுப்புத் திரை, ஒரு நாற்காலி, மெஷின் ஓடும் சத்தம். பத்து நாள் மத்தியானங்களில் அங்கேதான் இருந்தேன். மெஷின் சந்தேகப்பட்டு நிறுத்தும் இடங்களை எல்லாம் நான் கண்ணால் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தூசி.

பச்சை பச்சை. பச்சை பச்சை. ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் இரண்டு விளக்கு ஏற்றியதை மாடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது.

நேற்று மத்தியானம் ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்குப் பெரியவர் யாராவது வந்தால் நிற்போமே, அப்படி. என்னைவிட மூன்று வயது சின்னவன்.

பிறகு உட்கார்ந்தேன். தூசியா என்று பார்த்தேன். இல்லை. சாயக் கோளாறா என்று பார்த்தேன். இல்லை. கூட வேலை செய்பவளைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன். "ஆண் செல்" என்றாள், பேருந்து வந்துவிட்டது என்று சொல்வது போல. இன்று காலை இன்னும் மூன்று கிடைத்தன. நாலும் ஒரே எண். மற்ற இரண்டு எண்களிலும் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் அவள் எண்ணைப் பிரித்துச் சொன்னாள். அம்மா.

நம் இருவருக்கும் நடுவில் அம்மாவுக்கே தெரியாமல் வேறு ஒரு கரு உண்டாகிக் கலைந்திருக்கலாம். அதுவும் ஆணாக இருந்திருக்கலாம். அதை எழுதாமல் விட்டால் நான் நானில்லை. ஆனால் அவனாக இருக்கத்தான் மிகப் பெரிய வாய்ப்பு.

ஒரு விஷயம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. எந்தச் செல்லும் நாற்பத்தாறு வருடம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்காது. நான் பார்த்தது அன்று அவனிடமிருந்து வந்த செல் இல்லை. அதன் பிள்ளை, பேரன், அதற்கும் பேரன். அவன் பிறக்கும் முன்பே அம்மாவுக்குள் வந்து குடியேறிய ஏதோ ஒன்று, எலும்புக்குள் எங்கோ ஓர் இடம் பிடித்து, இத்தனை வருடமாகப் பெருகிக்கொண்டே இருக்கிறது. அவள் சாப்பிட்ட சோறுதான் அதற்கும் சோறு. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அதற்கும் காய்ச்சல். அப்பா போனபோது அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாளே, அதுவும் பட்டினி கிடந்திருக்கும். அடக்கம் செய்தோம் என்று அப்பாவும் அத்தையும் நினைத்தார்கள். முழுவதும் செய்ய முடியவில்லை.

இன்னொன்று. அவன் இருந்த அறையில் அடுத்துக் குடிவந்தவள் நீ. முன்னால் இருந்தவரின் செல் பின்னால் வரும் குழந்தைக்கும் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இன்னும் உறுதியாகவில்லை. உன்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றும்போது இனி கொஞ்சம் யோசிப்பேன். இரண்டு பேரைத் திட்டியதாகிவிடும்.

அம்மாவிடம் நீ சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன். விளக்கு ஏற்றும் முன் சொல்லிவிட வேண்டும்.

அக்கா


அக்டோபர் 19

அக்கா,

மைதானத்தில் மாணவியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். "எலும்புக்குள்" என்ற இடத்துக்கு வரும்போது கார் பின்னால் போய் ஒரு கம்பத்தில் இடித்தது. அந்தப் பெண் பயந்து போய், "மேடம், நீங்க பிரேக் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. மறந்தே போனேன். அதை இப்போது அழுத்துகிறேன். நில் அக்கா.

நேற்று அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது, எதிரில் ஒரு வண்டி வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு போனது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மயிலுகூட இப்பத்தான் வீடு மாத்தினா."

"யாரும்மா மயிலு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வயதுப் பெண் மாதிரி. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அக்கா, அவள் இத்தனை வருடமாக அதை ஒரு வருடம் பையனாகவும் ஒரு வருடம் பெண்ணாகவும் வைத்திருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை மாறும். பையன் என்றால் துரை, பெண் என்றால் மயிலு. தப்பாகக் கூப்பிட்டுவிட்டால் குழந்தை மனசு கஷ்டப்படும் என்று முதல் வருடம் இரண்டு பெயரையும் யோசித்தாளாம். அப்புறம் முறை வைத்துக்கொண்டாளாம். வாய்விட்டுச் சொல்லாமல், மனதுக்குள். இரண்டு பேரும் வளர்ந்திருக்கிறார்கள் அக்கா! துரை படிப்பில் மந்தம், ஆனால் கை வேலைக்காரன், இப்போது முடி கொட்டிவிட்டது. மயிலு பாங்கில் வேலை, கொஞ்சம் வாய்த்துடுக்கு, மாமியாரோடு ஒத்துப்போகவில்லை. "உன்னை மாதிரிதான்" என்று என்னிடமே சொல்கிறாள்.

நான் கேட்டேன், அப்படியானால் ஏன் பெரியவளிடம் கேட்டாய், ஏன் கையை நீட்டினாய் என்று.

"வாய் தவறிக் கேட்டுட்டேன்டி. கேட்ட உடனே ஏன் கேட்டோம்னு ஆயிடுச்சு. ஆனா அவ நான் கேட்டதுக்காக இவ்வளவு மெனக்கெடறா. சின்ன வயசுலேருந்து எங்கிட்ட ஒண்ணும் வாங்கிக்காதவ. ரத்தம் வேணும்னு கேட்டா. இல்லைன்னு எப்படிச் சொல்வேன்?"

நீ பையன் என்று சொன்ன அந்த நிமிடம் மயிலு போய்விடுவாள். பாதிப் பண்டிகை அவளுடையது. ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு இன்னொரு பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகப் போகிறாயா? நான் சண்டைக்காகச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்து எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லாதே.

அதைவிட ஒரு சங்கடம். டாக்டர் என் பொண்ணை அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கிறார், நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கே அவள் ஊருக்குக் கிளம்புகிறேன். பண்டிகைக்கு வீட்டில் இருக்க மாட்டேன். அம்மாவோடு நீ மட்டும்தான். உனக்கு இரண்டு பக்கமும் பிரேக் நீயேதான்.

என் விளக்கை மறக்காமல் ஏற்றச் சொல்.

வாலு


அக்டோபர் 23

வாலு,

கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அதனால் சுருக்கமாக. இதை உன் மகள் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நீ எழுதியது புரிகிறது. பலமுறை படித்தேன். ஆனால் ஒன்றை நீ மறந்துவிட்டாய். நான் இதுவரை யாருடைய முடிவையும் மறைத்ததில்லை. கண்ணீரோடு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம்கூட உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன். அம்மா கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால் முடியும். கேட்டுவிட்டால் என் முகமே சொல்லிவிடும்.

கேட்கக் கூடாதே என்று இருக்கிறது. அவனைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று நான் மற்றவர்களைக் கேலி செய்திருக்கிறேன்.

உன் மகள் பக்கத்திலேயே இரு.

அக்கா


அக்டோபர் 28

வாலு,

விளக்கு ஏற்றியாகிவிட்டது. அம்மா உள்ளே பாத்திரம் கழுவுகிறாள், என்னைத் தொடவிடவில்லை. நடந்ததை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

நான் வந்து நாலு நாளாகியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டு வலி, பக்கத்து வீட்டுக்காரர், என் நரை, எல்லாம் பேசினாள். முடிவுத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பெண் மாதிரி நான் அறைக்கு அறை நடந்தேன். ஃபிரிட்ஜில் மருந்துத் தேதிகளைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மாலை குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன் கும்பிட்டுவிட்டு, மூன்று விளக்கையும் தட்டில் வைத்து வாசலுக்கு எடுத்து வந்தாள். மூன்றிலும் எண்ணெய் ஊற்றினாள். இடது பக்கம் குனிந்து "ஜட்ஜு" என்று ஏற்றினாள். நான் பின்னாலேயே நிற்கிறேன், இருந்தும் தெருக்கோடியில் இருப்பவளைக் கூப்பிடுவது போலச் சத்தமாகக் கூப்பிட்டாள். வலது பக்கம், "வாலு". உனக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாக. பிறகு நடு விளக்குக்கு முன்னால் நின்றாள்.

"இருக்கா?" என்றாள், திரும்பாமல்.

"எதும்மா?"

"நீ தேடினது."

"இருக்கும்மா."

"நீயே பாத்தியா? யாராவது சொல்லிக் கேட்டியா?"

"நானே பார்த்தேன்."

"எப்படி இருந்துது?"

"சின்னதா. வெளிச்சமா" என்றேன். சாயத்தின் வெளிச்சம் அது. அதைச் சொல்லவில்லை.

"உயிரோடவா?"

செல் வேறு, பிள்ளை வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. வாய்வரை வந்தது. "உயிரோடத்தாம்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவள் தன் இடது முழங்கையை, ஊசி போட்ட இடத்தை, வலது கையால் மூடிக்கொண்டாள். குளிருகிறதா என்று கேட்க நினைத்தேன். பிறகுதான் அவள் பிடித்திருந்த விதம் தெரிந்தது. தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியில் கை கொடுப்பது போல.

அப்புறம் குனிந்து நடு விளக்கைக் கையில் எடுத்தாள்.

"வாசல்ல வைக்கிறது வெளிய இருக்கறவங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஊர்ல இருக்கீங்க. இது எங்கயும் போகலையே. இதை எதுக்கு இத்தனை வருஷம் வாசல்ல உக்கார வச்சேன்?"

உள்ளே கொண்டுபோய் சமையலறையில், அவள் நிற்கும் இடத்துக்கு நேராக, அடுப்புக்குப் பக்கத்து மேடையில் வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது, சொல்லத்தானோ என்னவோ. அவள் கையைத் தூக்கினாள்.

"ஒண்ணும் சொல்லாத. உனக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் நான் கேக்கல."

தீக்குச்சியைக் கிழித்தாள். "மயிலு" என்று கூப்பிட்டாள். முதல் தடவையாக வாய்விட்டு. இந்த வருடம் மயிலின் முறை.

ஏற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாலு, அவள் அந்தப் பார்வையில் எதைப் படித்தாள் என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கப் போவதில்லை. சிவப்புப் புள்ளியை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான்.

"மயிலு" என்றேன் நானும்.

மறுபடி சொன்னேன். அந்தச் சுடர் திரியின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சற்றுத் தயங்கியது; பிறகு நிமிர்ந்தது. பச்சையும் சிவப்பும் தெரிந்த அந்த இருட்டறையில் எழுந்து நின்றதைப் போலவே இங்கேயும் நின்றுகொண்டிருந்தேன். எதற்கு முன்னால் நிற்கிறேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு முன்னாலா, விளக்குக்கு முன்னாலா, மயிலுக்கா, துரைக்கா.

"அடுத்த வருஷம் அவனுக்கு" என்றாள் அம்மா. "நகரு, பால் பொங்குது."

முடிவுத் தாளைக் கிழிக்கவில்லை. காட்டவும் இல்லை.

இதை இன்று தபாலில் சேர்க்க முடியாது, விடுமுறை. நாளை அனுப்புகிறேன்.

அக்கா


அக்டோபர் 29

தபாலுக்குப் போகும் முன் சேர்க்கிறேன். காலையில் உன் போன் வந்தது. உன் மகளுக்கு ஏழாம் மாதம் தாண்டிவிட்டது என்று நீ சொன்னதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைத்தாள்.

அதன் பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று விளக்கையும் தேய்த்தாள். நம் இரண்டையும் சீக்கிரம் தேய்த்து வைத்துவிட்டாள். நடு விளக்கின் மூக்கில் முதல் தடவையாகக் கரி. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெருவில் புரண்டு விளையாடிவிட்டு வந்த பிள்ளையை அதட்டுவது போல, "ஒரே நாள்ல எப்படி ஆக்கி வச்சிருக்கு பாரு!" என்றாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். முழுவதும் போகவில்லை. அப்படியே துடைத்து, மற்ற இரண்டுக்கும் நடுவில் கவிழ்த்து வைத்தாள்.